புள்ளியைத் தின்னும் பொறி

தகடூர் மண்ணில், தருமபுரியினின்று பென்னாகரம் செல்லும் சாலையில் இண்டூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெயரில் எழுத்துகள் எத்துணை என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையை வினவுக! இ, ண், டூ, ர் என விரல் மடக்கி 'நான்கு' என்று விடை கூறும். அதே பெயரைப் 'பைத்தான்' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பெற்ற நிரலிடம் தந்து, இதனுள் உள்ள சொற்களைப் பிரித்துக் காட்டு என்று, நிரலர்கள் நாடோறும் இடும் வழக்கமான கட்டளையை இட்டுப் பார்க்க! 'இண' ஒரு சொல்லாம். 'ட' மற்றொரு சொல்லாம். 'ர' மூன்றாம் சொல்லாம்! ணகரத்தின் புள்ளி எங்கே? டகரத்தின் ஊகாரக் குறி எங்கே? அவை எழுத்தே அல்ல என்று பொறி துப்பிவிட்டது.

ஏதோ பொறியின் பிழை என்று நகைத்து ஒதுக்கத் தக்கதா இது? அன்று, அன்று! இன்று உலகச் செய்திகள் வெறும் பட்டியல்களாக அடுக்கப்பெறும் நிலை மாறி, வலைகளாகவும் பின்னப்பெற்று வருகின்றன. ஊர் ஒரு முடிச்சு. மாவட்டம் ஒரு முடிச்சு. இரண்டையும் பிணைக்கும் கயிற்றுக்கு 'அடங்கியுள்ளது' என்று பெயர். இண்டூரிலிருந்து அக்கயிற்றைப் பற்றிச் சென்றால் தருமபுரி மாவட்டம் வரும். மேலும் சென்றால் தமிழ்நாடு வரும். 2012-இல் தொடங்கப்பெற்ற விக்கித்தரவு இத்தகைய மாபெரும் வலை. அதில் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் எண்; தமிழ்மொழியின் எண் 5885, தமிழ்நாட்டின் எண் 1445. அவ்வலையை வினவுதற்குரிய மொழி 'சுபார்க்கில்'. 2008-இல் தரநிலை பெற்று, 2013-இல் விரிவடைந்தது. 2024-இல் அனைத்துலகத் தரநிலை அமைப்பும் இவ்வகை வலைகளுக்கென்றே ஒரு வினவுமொழிக்குத் தரநிலை வகுத்து வெளியிட்டுள்ளது. நாளைய ஆளுகையும் வணிகமும் ஆய்வும் இவ்வலைகளில் பெருகும். அவற்றுள் தமிழ்ப்பெயர் முழுமையாக நிற்குமா, மூன்று துண்டாகக் கிடக்குமா என்பதே கேள்வி.

'தருமபுரி மாவட்டத்துள் அடங்கிய ஊர்கள் யாவை?' என்னும் வினவல் ஒரு நிரலிடம் வருகிறது என்க. நிரல் முதலில் எழுத்துகளைக் கூட்டிச் சொற்களை அறுத்தெடுக்கும். அடுத்து, அச்சொற்களின் உறவறிந்து வேரும் கிளையுமாக ஒரு தொடர்மரம் கட்டும். அதன்பின் அம்மரம் காட்டும் வழியே வலைக்குள் இறங்கி, முடிச்சு முடிச்சாக நடந்து விடை கொணரும். சென்ற முடிச்சைக் குறித்து வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். இன்றேல் செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுற்றிக் கிடக்கும். எழுத்து, அதன்மேல் சொல், அதன்மேல் பொருள்! தொல்காப்பியர் தம் நூலை வகுத்த வரிசையும் இதுவே. எழுத்தில் சறுக்கியவன் பொருளை எட்டுவது யாங்ஙனம்? பட்டியலில் ஒரு பெயர் சிதைந்தால் ஒரு வரி கெடும். வலையிலோ, ஒரு முடிச்சின் பெயர் சிதைந்தால் அம்முடிச்சு வழியாக மட்டுமே எட்டத்தக்க அனைத்தும் இருளில் மூழ்கும். அவை இல்லை என்றே பொறி கூறும்.

குற்றம் யாருடையது? சுபார்க்கிலின் இலக்கணம் தமிழைத் தடுக்கவில்லை. வினவலில் மாறிகளுக்கு இடும் பெயர்களில் தமிழ் உயிரும் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் வரலாம் என்று அதன் நூற்பா இசைவு தந்தே உள்ளது. 'ஊர்' என்றே ஒரு மாறிக்குப் பெயரிடலாம். பைத்தானும் 2008-இல் வந்த தன் மூன்றாம் பதிப்பு முதல் 'இண்டூர்' என்று மாறிக்குப் பெயரிட இடந்தருகிறது. ஆயினும் அதே பைத்தானில், சொல்லறுக்கும் வேலைக்கு நிரலர் எழுதும் ஒரு சாய்கோடும் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்ந்த சுருக்கக் கட்டளை, அந்த இண்டூரை வெட்டி எறிகிறது! வாயிலில் வரவேற்று அடுப்பங்கரையில் கழுத்தை அறுக்கும் விருந்தோம்பல் இது. சாவாகிறிப்டிலோ இன்னும் கொடுமை: அங்கு அக்கட்டளைக்கு ஆங்கில எழுத்து 52-உம், இலக்கம் 10-உம், ஓர் அடிக்கோடும் அல்லாத எதுவும் எழுத்தே அன்று.

இதற்கு வேர், 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு வாய்த்த அமைப்பு. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தாராமல், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஒட்டுக்குறிகள் என ஒதுக்கி வைத்தனர். ஆதலின் நான்கெழுத்து இண்டூர் அங்கு ஏழு குறிகளாக நிற்கிறது. எழுத்தா என்று மட்டும் வினவும் நிரல், ஒட்டுக்குறியைக் கண்டதும் சொல் முடிந்தது என்று அறுத்துவிடுகிறது. எழுத்துக்கு ஓர் இடம் தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. எனினும் உலக வழக்கில் ஒருங்குறியே நின்றது. அதை எண்ணி ஏங்குவதற்குக் கரணியம் உண்டு. ஏக்கத்தையே சாக்காக்கிக் கைகட்டி நிற்பதற்குக் கரணியம் இல்லை. ஏனெனில், சொல்லை அறியும் கட்டளை ஒட்டுக்குறிகளையும் உட்கொள்ள வேண்டும் என்று ஒருங்குறியாரின் தொழில்நுட்ப ஆவணமே அறிவுறுத்துகிறது. சாவாகிறிப்டிலும் 2018 முதல் எழுத்தையும் ஒட்டுக்குறியையும் சேர்த்துக் கேட்க வழி உண்டு. தேவைப்படுவது ஒரே வரித் திருத்தம்!

ஓலைச்சுவடியில் புள்ளி இடாமலே முன்னோர் எழுதினரே, அதனால் தமிழ் கெட்டதா என்று கேட்பாரும் உளர். கெடவில்லை, படித்தவன் தமிழறிந்தவன். இடாத புள்ளியை அவன் அறிவு இட்டுக்கொண்டது. பொறிக்கு அந்த அறிவு ஏது?

இனி, இண்டூருக்குத் தொலைவிலல்லாத தொப்பூரைக் காண்க. அதன் முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு. ஒருவர் ஒரு வகையாக எழுதி வலையில் சேர்த்த தொப்பூரை, மற்றொருவர் மறு வகையாக எழுதித் தேடினால், அப்படி ஊரே இல்லை என்று கையை விரிக்கும். பெயர்களை ஒரே வடிவாக்கி வைத்தல் நன்று என்று அவ்வலைகளின் தரநிலை சொல்கிறது. சொல்வதோடு சரி, கட்டாயமாக்கவில்லை. வினவலை வாங்கியதும் ஒருவடிவாக்கி, வலையில் சேர்க்கும்போதும் ஒருவடிவாக்கினால் இவ்விடர் ஒழியும். இதுவும் ஒரு வரி வேலையே.

இவ்வளவு தொல்லை ஏன், பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டால் போகிறது என்பர் சிலர். கூலிக்கு நிரல் எழுதும் தமிழரே இதை மிகுதியும் சொல்வது இரங்கத்தக்கது. ஆங்கில எழுத்தில் ணகரமும் நகரமும் ஒன்று. டகரமும் தகரமும் ஒன்று. தெலுங்கு நாட்டு நிசாமாபாத்தின் பழம்பெயர் இந்தூர். அதையும் தகடூர் நாட்டு இண்டூரையும் ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே எழுத்தில் இரண்டும் ஒரே பெயர்! பெயரை நம்பி நடக்கும் நிரல் தருமபுரியில் புறப்பட்டு நிசாமாபாத்தில் போய் நிற்கும். ணகரத்தையும் நகரத்தையும் பிரித்து வைத்த மொழியின் நுட்பத்தைக் கைவிட்டு, இல்லாத குழப்பத்தை விலைகொடுத்து வாங்குவதா எளிமை?

இன்னொரு பொய்யும் மேடைதோறும் உலவுகிறது: கணிப்பொறிக்கு ஏற்ற மொழி சமற்கிருதமே என்று நாசா கூறிவிட்டதாம்! நாசாவின் ஏமுசு ஆய்வகம் சார்ந்த ரிக் பிரிக்சு என்பார் 1985-இல் செயற்கை அறிவு பற்றிய இதழொன்றில் எழுதிய கட்டுரையே இதன் ஊற்று. சமற்கிருத இலக்கணிகள் ஒரு தொடரின் பொருளை விரித்துரைத்த முறை, பொறியறிஞர் வரையும் முடிச்சு-கயிற்று வலையோடு ஒத்திருக்கிறது என்பது அதன் சாரம். ஒருவர் எழுதிய கட்டுரை நாசாவின் தீர்ப்பாக ஊதப்பெற்றது. அக்கட்டுரை காட்டும் ஒப்புமை தமிழில் இல்லையா? 'அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனியைக் கொடுத்தான்.' கொடுத்தல் நடு முடிச்சு. எழுவாய்க் கயிறு அதியமானிடம் செல்கிறது. இரண்டாம் வேற்றுமைக் கயிறு கனியிடம். நான்காம் வேற்றுமைக் கயிறு ஔவையிடம். தொல்காப்பியரின் வேற்றுமை ஒவ்வொன்றும் பெயரிட்ட கயிறே. ஆனால் இதைச் சொல்லி மார்தட்டுவதனால் இண்டூரின் புள்ளி திரும்பி வாராது. வெறும் பெருமை பேசுதலில் வடமொழியாளரை வெல்வது தமிழர்க்கு வேண்டாத வெற்றி.

செய்து காட்டியோர் இல்லாமல் இல்லை. வெண்பாவின் யாப்பை எழுத்து, அசை, சீர், தளை, அடி எனப் பொறி பகுத்தறியும் இலக்கணமாக வடித்து 2003-இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் வைத்தனர். முத்து அண்ணாமலையின் 'எழில்' தமிழ்ச்சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட நிரல்மொழி. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகச் செவ்வனே பிரிக்கும் 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பும் எவரும் எடுத்தாளுமாறு திறந்து கிடக்கிறது. அதனிடம் இண்டூரைக் கொடுத்தால் நான்கு எழுத்து என்றே கூறும். கலைச்சொல் ஆக்குவதில் தனித்தமிழன்பர் காட்டிய ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கேனும் இத்தகைய வேலைக்கு வந்ததா? 'நிரல்' என்று சொல் படைத்தோம் என்பதில் மகிழ்ந்து, அந்நிரலுக்குள் தமிழ் வெட்டுண்டு கிடப்பதைப் பாராதிருந்தது இந்தப் பக்கத்தின் குற்றமே.

நிரல் எழுதும் தமிழர் எவரும் இன்றிரவே செய்து பார்க்கத் தக்கது இது. தாம் எழுதிய வினவல் பகுப்பியிடம் இண்டூரையும் தொப்பூரையும் கொடுக்க. தொப்பூரை இரு வடிவிலும் கொடுக்க. இண்டூர் துண்டானாலோ, தொப்பூர் இரண்டானாலோ அந்த வரியைத் திருத்துக. பிறர் எழுதிய திறந்த நிரலில் பிழை இருப்பின், திருத்தத்தை எழுதி அவர்க்கே அனுப்புக. சோதனைக்கு இவ்விரண்டு ஊர்ப்பெயர்களையும் உடன் இணைக்க.