குழாயும் கோபுரமும்: பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது

ஒரே வயலின் மேலே உயர் அழுத்த மின்கம்பி. கீழே எரிவாயுக் குழாய். கோபுரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தில் நடப்பட்டது. குழாய் 1962ஆம் ஆண்டுக் குழாய்வழிச் சட்டத்தின்கீழ் பதிக்கப்பட்டது. சட்டங்கள் இரண்டு, அமைச்சகங்கள் இரண்டு. பாதிப்பு மட்டும் ஒரே மண்ணில்.

மின்கம்பிக்கு இணையாக நெடுந்தொலைவு செல்லும் எஃகுக் குழாயில் மாறுதிசை மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. குழாயின் மேற்பூச்சில் சிதைவு உள்ள இடத்தில் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி எஃகை அரிக்கிறது. பூச்சு தரமானதாக இருந்தால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். இறங்க வேறு வழியில்லாத மின்சாரம் சிறு சிதைவிலேயே குவிகிறது. சதுர மீட்டருக்கு 100 ஆம்பியரைத் தாண்டினால் அரிப்பை எதிர்பார்க்கலாம் என்பது பொறியாளர்களின் கணக்கு. விரல்நக அளவில், ஒரு சதுர சென்டிமீட்டர் சிதைவு இருந்தால், அதற்கு 10 மில்லியாம்பியரே போதும்.

1986இல் ஜெர்மனியில் மின்ரயில் பாதைக்கு இணையாகச் சென்ற எரிவாயுக் குழாய் இப்படித்தான் ஓட்டையானது. துருத்தடுப்பு அளவீடுகள் அங்கே சரியாகவே இருந்தன. வழக்கமான சோதனை மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கொங்கு மண்டல விவசாயிகள் குழாய், மின்கோபுரம் ஆகிய இரண்டு திட்டங்களையும் எதிர்த்துப் போராடியவர்கள். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. புகளூர் துணைமின் நிலையத்துக்கான கோபுரங்களும் விளைநிலங்களில் எழுந்துவிட்டன. நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு அதன் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது வேண்டாமா?

தீர்வுகள் புதியவை அல்ல. குழாயை ஒட்டித் துத்தநாகப் பட்டையைப் புதைத்து, மாறுதிசை மின்சாரத்தை மட்டும் மண்ணுக்குக் கடத்தும் கருவி வழியாக இணைக்கலாம். வால்வு நிலையங்களில் ஊழியர் தொடும் இடத்தில் மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டாமல் காக்கலாம். இல்லாதது பொறுப்பை வரையறுக்கும் துணிவு.

ஒரே நிலத்துக்கு இரண்டாவதாக வரும் நிறுவனமே ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் செலவை ஏற்க வேண்டும். மின்பாதையின் பளு விவரங்களைக் குழாய் நிறுவனத்துக்குத் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். கூட்டு அளவீடு முடியாமல் புதிய பாதையில் மின்சாரம் பாயக் கூடாது. அளவீட்டு முடிவுகள் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். பெட்ரோலிய ஒழுங்குமுறை வாரியமும் மத்திய மின்சார ஆணையமும் இதற்கான கூட்டு விதியை உடனே கொண்டுவர வேண்டும். விபத்து நடந்தபின் அமைக்கும் விசாரணைக் குழு இதற்கு ஈடாகாது.