ஒற்றை வாயிலும் பல கணுக்களும்

ஊவாத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு கடிதம் உரியவரின் கைக்கு வந்து சேரும் வழி இன்றும் ஆராய்தற்குரியது. பதுளையிலோ பசறையிலோ உள்ள தபாற்கந்தோர் வரை அது ஏனைய கடிதங்களைப் போலவே வருகின்றது. அங்கிருந்து நகரத்தவரின் கடிதம் அவர் வீட்டுக் கதவுக்குச் செல்ல, தொழிலாளியின் கடிதமோ தோட்டக் கந்தோருக்குச் செல்கின்றது. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கமில்லை, ஆதலின் முகவரியுமில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, வங்கியின் அறிவித்தல், தூரத்துப் பிள்ளையின் கடிதம் ஆகிய யாவும் அக்கந்தோர் மேசையில் தங்கி, எவர் கையிலோ கொடுத்தனுப்பப்பட்டு, உரிய நாள் கடந்தபின் வந்து சேர்வதுண்டு. கடிதம் தொழிலாளிக்குரியது, வாயில் அவருக்குரியதன்று. மலையக மக்களின் தொடர்பாடல் வரலாற்றை இவ்வொரு வாக்கியத்துள் அடக்கிவிடலாம்.

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. துண்டுமுறை நிலவிய காலத்தில், தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்கு அவர் பெயரில் நிற்கும் கடனைக் குறித்த துண்டு வேண்டப்பட்டது. அதனை எழுதியவர் பிறர், வைத்திருந்தவர் பிறர், அதனை வாசித்து அவர் விலையைத் தீர்மானித்தவரும் பிறரே. 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் ஒருவரைப் பற்றிய ஏடு அவர் கைக்கெட்டாத இடத்தில் இருந்துகொண்டு அவரை ஆளும் முறை ஒழியவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டது; சான்று காட்ட இயலாதோர் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மக்களை எண்களாகப் பங்கிட்டது. எஞ்சிய சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

இன்று கைத்தொலைபேசி லயத்துக் காம்பராவுக்குள்ளும் வந்துவிட்டது. தோட்டக் கந்தோரைத் தாண்டிச் செய்தி வருகின்றதே, இனி என்ன குறை என வினவுவோர் உளர். வாயில் ஒழிந்துவிடவில்லை, இடம் பெயர்ந்துள்ளது, அவ்வளவே. 2018 மார்ச்சில் திகனை வன்செயலின்போதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்பிரலில் அரசுக்கெதிரான போராட்டத்தின் தொடக்கத்திலும் சமூக ஊடகங்கள் நாடெங்கும் முடக்கப்பட்டன. கொழும்பிலிருந்து பிறந்த ஒரு கட்டளை அப்புத்தளையிலும் மடுல்சீமையிலும் மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயின் குரலை நிறுத்தியது. 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இவ்வதிகாரத்துக்கு மேலும் வலுச் சேர்த்துள்ளது. முன்னைய வாயிலில் துரை இருந்தார். இன்றைய வாயிலில் இருப்பவரின் முகமே தெரிவதில்லை.

வன்செயலைத் தூண்டும் பொய்ப் பிரசாரத்தைத் தடுக்க வேறு வழியேது என்னும் வினா புறந்தள்ளத்தக்கதன்று. திகனையில் மனிதர் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆயின் அப்பகைமை பரவியது எவ்வழி? கோடிக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழ் வைத்து, எச்செய்தி எவர் கண்ணிற் படவேண்டுமெனத் தீர்மானிக்கும் பெரு நிறுவனமொன்றின் தளத்திலேதான் பரவியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு பேஸ்புக் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. ஆகவே திகனை புகட்டும் பாடம் அதிகாரம் ஓரிடத்தில் குவிதலின் தீமையேயன்றி, அவ்வதிகாரத்தை நிறுவனத்திடமிருந்து அமைச்சுக்கு மாற்றுதலின் நன்மையன்று.

இதற்கு மாற்றான ஏற்பாடு உலகில் இல்லாமலில்லை. டோர் என்னும் வலையமைப்பு 2002 முதல் இயங்கி வருகின்றது. அதற்குத் தலைமைக் கணினி என ஒன்றில்லை. உலகெங்கும் தன்னார்வலர் தத்தம் செலவில் இயக்கும் பல ஆயிரம் கணினிகளே அதன் உடல். அவை ஒவ்வொன்றும் ஒரு கணு. ஒருவர் அனுப்பும் செய்தி மூன்று மறையுறைகளுள் இடப்பட்டு மூன்று கணுக்களின் வழியே செல்கின்றது. ஒவ்வொரு கணுவும் தனக்குரிய உறையை மட்டுமே பிரிக்கும். முதற்கணு அனுப்பியவரை அறியும், போகுமிடத்தை அறியாது. ஈற்றுக்கணு போகுமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. இடைக்கணு இரண்டையும் அறியாது. கடிதம் போய்ச் சேருகின்றது. ஆயின் முழுச் செய்தியையும் தன் மேசையில் விரித்துப் பார்க்கத்தக்க கந்தோர் இடையில் எங்குமில்லை.

இதன் கருத்து அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் 1990களிற் பிறந்ததாகையால் அதனை ஐயுறுவோர் உளர். பதுளைக்கு 1924 இல் வந்த புகையிரதப் பாதையும் தொழிலாளரின் நலங் கருதி இடப்பட்டதன்று. தேயிலைப் பெட்டிகளுக்காக இடப்பட்டது. அதன்பொருட்டுத் தொழிற்சங்க ஊழியர் அதில் ஏறாதிருந்தாரல்லர். கருவியின் பிறப்பிடத்தினும் அதனை இன்று இயக்கும் கைகளே முதன்மையானவை.

இனி, தனியுரிமை என்பது வயிறு நிறைந்தோரின் ஆடம்பரம், நாட்சம்பளத்துக்குப் போராடுவோருக்கு அது எதற்கு என்னும் வாதத்தைக் கவனிக்கலாம். முற்போக்கு உடையில் வருவதால் இதுவே எல்லாவற்றினும் தீங்கான வாதம். 2021 இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 2024 இலேதான் 1350 ரூபாவாயிற்று. அத்தகைய போராட்டத்தில் எவர் எவருடன் பேசினார், எக்கூட்டத்துக்கு எவர் சென்றார் என்பன வேலை கொடுப்போருக்கு விலைமதிப்பற்ற செய்திகள். கொழுந்து நிறுவையே இலத்திரனியற் தராசில் பதிவாகி நிர்வாகத்தின் கணினிக்குச் செல்லும் காலம் இது. நிறுவையின் பிரதி தொழிலாளியிடம் இல்லை. அவர் பேச்சின் பதிவோ பிறரிடம் உண்டு. தனியுரிமையின் தேவை செல்வருக்குக் குறைவு. அவருக்கு மதிலும் வழக்கறிஞரும் உளர். மெல்லிய சுவரொன்றால் மட்டும் பிரிக்கப்பட்ட காம்பராவில் வாழ்வோருக்கே அது உயிர்த்தேவை.

மறுபுறத்தில் மற்றொரு கூட்டம் உண்டு. கணு ஒன்றை இயக்கினால் கிரிப்டோ நாணயம் கொட்டும் எனக் கூறி இளைஞரிடம் முற்பணம் பெறுவோர் அவர். கணு இயக்குதலைச் சூதாட்டமாக்கும் இவர்களைக் கண்டே பலர் இத்துறையை முற்றாக வெறுக்கின்றனர். டோர் வலையமைப்பிற் கணு இயக்குவோர்க்கு அவ்வமைப்பு கூலி எதனையும் கொடுப்பதில்லை. அது சிரமதானம் போன்றது: தன் வீட்டு வாயிலுக்கென எவரும் தனியே பாதை வெட்டுவதில்லை, எல்லோரும் வெட்டிய பாதையில் எல்லோரும் நடப்பர்.

பெயரளவிலான பரவலாக்கத்தையும் ஏற்றுக்கொள்ளலாகாது. 1989 இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, பின்னர் யுனெஸ்கோவின் துணையுடன் நேயர்களின் வினாக்களுக்கு இணையத்திற் தேடி விடை கூறிப் புகழ்பெற்றது. நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆயின் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஓர் அங்கமேயன்றிக் கேட்போரின் உடைமையன்று. 2025 யூலையில் இலங்கையிற் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் மலையிடுக்குகளுக்கும் இணைப்புத் தரவல்லது. அவ்வாயிலின் திறவுகோலோ கடல் கடந்த ஒரு நிறுவனத்திடம் உள்ளது. கம்பி அறுந்தால் மட்டுமே வழி அடைபடும் என எண்ணுவது பேதைமை.

கம்பி அறுவதும் உண்டு. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, எத்தனை பேர் புதையுண்டனர் என்பதே நாட்கணக்கில் உறுதியாகவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின. இத்தகைய நாளில் டோர் பயன்படாது. அது இணையத்தின் மேல் ஓடுவது. ஆதலின் இருவகைக் கணுக்கள் வேண்டும். முதலாவது, பிரிவுக்குப் பிரிவு, பாடசாலைக்குப் பாடசாலை கம்பியில்லாமல் நேரே பேசத்தக்க, சூரிய மின்கலத்தில் இயங்கும் வலைப்பின்னற் கணு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் நிறுவனங்கள் புறக்கணித்த கிராமங்களில் 2004 இல் தொடங்கிய குய்பி வலையமைப்பு இவ்வாறே 30,000க்கும் மேற்பட்ட கணுக்களாக வளர்ந்தது. இந்நாட்டிலும் அனுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியக் கிராமத்தில் வீடுகள் இவ்வாறு இணைக்கப்பட்டதுண்டு. இரண்டாவது, வெளியுலகோடு பேசுவோரின் அடையாளத்தைக் காக்கும் டோர் கணு.

இரண்டாவது வகையைத் தனியொரு தொழிலாளி இயக்க இயலாது. பழைய கணினியும் 512 மெகாபைற்று நினைவகமும் அதற்குப் போதுமெனினும், மாதந்தோறும் ஒவ்வொரு திசையிலும் 100 கிகாபைற்றுத் தரவேனும் அதன் வழியே பாய வேண்டும். வீட்டுத் தரவுப் பொதி அதனைத் தாங்காது. எனவே இது நிறுவனங்களின் கடமை. 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் மாணவர், தோட்டப்புற நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சந்தாப்பணம் பெறும் தொழிற்சங்கங்கள் ஆகியோர் இதனை ஏற்க வேண்டும். ஈற்றுக்கணுவை இயக்குவோர் பிறர் செய்த குற்றத்துக்கு விசாரிக்கப்படலாம்; ஆகவே இடைக்கணுவிற் தொடங்குதலே விவேகம். அரசு சமூக வலையமைப்புகளுக்கு எளிய அனுமதி முறையை வகுக்க வேண்டும். அது வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

கணுக்கள் சம்பளத்தை உயர்த்தமாட்டா. காணியும் வீடும் தரமாட்டா. பொறி விடுதலை தரும் என்பது மூடநம்பிக்கை. ஆயின் உரிமை கேட்போர் முதலில் ஒருவரோடொருவர் அஞ்சாது பேச வேண்டும். அப்பேச்சு எதிர்த்தரப்பாரின் மேசை வழியே செல்லும்வரை அது பேச்சாகாது, விண்ணப்பமாகவே இருக்கும். இரு நூற்றாண்டுகளாக விண்ணப்பித்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி கற்கின்றனர். அக்கல்வி கொழும்பில் ஓர் உத்தியோகத்துக்கு மட்டும் உரியதா, நமுனுகுலை அடிவாரத்து லயத்துக்கும் உரியதா என்பதற்கு விடையளிக்க வேண்டியவர் அவர்களே.