விரலை நம்பலாமா?

கால் மரத்துப்போனால் அமுக்கிவிடுவது நம் வீட்டு வழக்கம். சீனர்கள் அதையே வைத்தியமாக வகுத்தார்கள். அதுதான் அக்குபிரஷர். காசு செலவில்லை, தானே செய்துகொள்ளலாம்.

ஆனால் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ பொல்லாத நோய். 1868-ல் பிரெஞ்சு டாக்டர் ஷார்கோ இதை விவரித்தார். உடலைக் காக்கும் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது! அமுக்கினால் அசதி சற்றுக் குறையலாம். அரிப்பு நிற்காது. அதன் வேகத்தைத் தணிக்க மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கவேண்டும்.

வெள்ளிமலையில் ஒருவருக்குத் திடீரென்று ஒரு கண் மங்கினால், கால் மரப்பு நாள்கணக்கில் நீடித்தால், வீட்டில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. கள்ளக்குறிச்சியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலையிறங்கி அங்கே போகவேண்டும்.

வழியில் பஸ் வளைவுகளில் குமட்டுகிறதா? மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே, உள்பக்கம் நடுவில் அழுத்திப் பார்க்கலாம். அதற்கு விரல் உதவும்.