ஒப்புக்குச் சப்பாணி

கோவையிலும் பொள்ளாச்சியிலும் தெருவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து ஆடும்போது, கூடவே ஒரு வாண்டு வந்து நிற்கும். "நானும் வருவேன்" என்று அழும். "சரி வா கண்ணு, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்பார்கள் பெரிய பிள்ளைகள். பிறகு யார் தொட்டாலும் அவன் அவுட் இல்லை. பெயர்தான் நன்றாக இல்லை. ஏற்பாடு நல்ல ஏற்பாடு!

வீடியோ விளையாட்டிலும் இது வந்துவிட்டது. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2009-ல் ஒரு மாரியோ விளையாட்டை வெளியிட்டது. பள்ளம் தாண்ட வேண்டும். எதிரி மேல் குதிக்க வேண்டும். ஒரே கட்டத்தில் எட்டு முறை உயிர் போனால் பச்சைப் பெட்டி ஒன்று தோன்றும். அதை முட்டினால் மாரியோவின் தம்பி லுயிஜி வந்து, அந்தக் கட்டத்தைக் கடந்து காட்டுவார். 2019-ல் வந்த மற்றொரு மாரியோ விளையாட்டில் நாபிட் என்று ஒருவன் உண்டு. எதிரி தொட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அசல் ஒப்புக்குச் சப்பாணி! ஆனால் பள்ளத்தில் விழுந்தால் தப்ப முடியாது.

இது ஏமாற்று அல்லவா? அல்ல. பெட்டியை முட்டும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. பாதியில் நிறுத்தி, பிள்ளையே ஆட்டத்தை வாங்கிக்கொள்ளலாம். இரகசிய வழிகளையும் லுயிஜி காட்டமாட்டார்.

வீட்டில் நடப்பது வேறு. தம்பி இரண்டு முறை தோற்றதுமே, "குடுடா இங்கே" என்று அண்ணன் பிடுங்குகிறான். சில வீடுகளில் அப்பாவே பிடுங்குகிறார். அன்று முழுவதும் அது தம்பி கைக்குத் திரும்புவதில்லை.