காடு எப்போது நோயுற்றது?

1981-ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கு ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ வாரப் பத்திரிகை, காடு சாகிறது என்று அட்டையிலேயே பறைசாற்றியபோது அந்நாட்டு மக்கள் அடைந்த கலக்கம் சாமானியமானதன்று. ஊசியிலை உதிர்ந்து நின்ற ஃபர், ஸ்புரூஸ் மரங்களைக் கண்ட பலர் மின் நிலையங்கள் கக்கிய கந்தகப் புகையைக் குற்றஞ்சாட்டினர். வறட்சி, மண்ணின் சாரமின்மை, பூஞ்சை என்று வேறு காரணங்கள் கற்பித்தவர்களும் உண்டு. இத்தனை வாதங்களின் ஆரவாரத்தில், நோய் எந்த ஆண்டில் தொடங்கிற்று என்னும் எளிய கேள்வி சற்றே அமுங்கிப்போயிற்று.

அதற்கு இலை விடை சொல்லாது, ஆண்டுக்கொரு வளையம் இடும் அடிமரமே சொல்லும். மரத்தைக் கொல்லாமல் அதன் உள்ளிருந்து மெல்லிய குச்சியொன்றை உருவியெடுக்கும் துளைக்கருவியை 19-ஆம் நூற்றாண்டிலேயே அமைத்தவர் மாக்ஸ் பிரெஸ்லர். அவர் பேராசிரியராயிருந்த தாராண்ட் வனக் கல்லூரியில்தான், ஸ்டோக்ஹார்ட் என்னும் இரசாயன அறிஞர் உலைப்புகை மரங்களுக்குச் செய்யும் தீங்கை ஆராய்ந்தார். ஆயினும் வளையம் ஒடுங்கியிருப்பதொன்றே நோய்க்கு அத்தாட்சியாகிவிடாது. மரம் பருக்கப் பருக்க வளையம் இயல்பாகவே மெலியும், மழை பொய்த்த ஆண்டிலும் மெலியும், மிக நலிந்த மரமோ சில ஆண்டுகளில் அடிப்பகுதியில் வளையமே இடாமல் கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே பல மரங்களின் வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஆண்டைத் திட்டப்படுத்தி, வயதும் வானிலையும் விளைத்த மாற்றத்தைக் கழித்த பின்னும் எஞ்சி நிற்கும் மெலிவுக்கே வேறு காரணம் தேடவேண்டும்.

அவ்வாறு தேடியபோது, தென் ஜெர்மனியின் வெள்ளி ஃபர் மரங்கள் பத்திரிகைகள் கூக்குரலிடுவதற்கு வெகு முன்னரே, 1960-களிலேயே மெலியத் தொடங்கியிருந்தன என்பது புலனாயிற்று. 1976-ஆம் ஆண்டின் கொடிய வறட்சி அவற்றை மேலும் வாட்டியது மெய்; ஆனால் வறட்சிக்கு முன்னரே வந்துவிட்ட நோய்க்கு வறட்சியைத் தனிக் காரணமாக்க முடியுமா? 1983-இல் பெரிய உலைகளின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்து கந்தகம் குறைந்த பின், அதே மரங்கள் அகன்ற வளையங்களை இடலாயின. குற்றஞ்சாட்டப்பட்டவன் ஊரைவிட்டு அகன்றதும் திருட்டு நின்றுபோனால், நியாயஸ்தலத்தில் அதற்கு மதிப்பில்லாமற்போகாது.

ஐரோப்பியக் காடுகள் பலவற்றில் வளர்ச்சி குன்றவில்லை, கூடவே செய்தது என்று 1990-களில் வெளிவந்த ஆராய்ச்சிகளைக் காட்டி, அன்றைய அச்சம் முழுவதும் வீண் பீதியே என்று இன்று எள்ளுவோர் உளர். சராசரியின் நிழலில் ஒதுங்கும் இவ்வாதம் எனக்கு உவப்பானதன்று; நிலக்கரிப் புகையால் ஸ்புரூஸ் காடுகள் மலைமலையாய் மடிந்த ஜெர்மனி-செக் எல்லையிலுள்ள எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்புறத்துக்கு அந்தச் சராசரி என்ன ஆறுதல் தரும்? அதே சமயம், ஜெர்மனி முழுவதும் சுடுகாடாகும் என்று முழங்கியவர்களும் மிகைப்படுத்தினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

வளையத்தைக் கொண்டு நோயின் காலத்தைக் கணிக்கும் முறையிலும் ஒரு குறை உண்டு: துளைக்கருவிக்குச் சிக்குபவை பெரும்பாலும் பிழைத்த மரங்களே, இறந்தவற்றின் சாட்சியம் அறுவை ஆலைக்குப் போய்விடுகிறது. 2018-ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின் ஹார்ட்ஸ் மலையில் பட்டை வண்டுகளால் ஸ்புரூஸ் மரங்கள் கூட்டங்கூட்டமாய்ச் சாய்ந்தபோது, வண்டு பரவாதிருக்கப் பல இடங்களில் அவற்றை விரைந்து வெட்டி அகற்றினார்கள். ஆராய்ச்சியாளர் அங்கே லாரிக்கு முன்னால் போய்ச் சேரவேண்டியிருந்தது.