கைபேசியும் புதுப் புரோகிதமும்

நமது புதுக்கோட்டை ஜில்லாவில், குறிப்பாக ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்க, தாயும் தகப்பனும் ஊரில் தனித்திருக்கும் வீடுகள் அனேகம். முன்பெல்லாம் இவர்களுக்கு மணியார்டர் வந்தது, கடிதம் வந்தது. இப்போது எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டன. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வங்கிக் கணக்கிற்கே போகின்றது. மத்திய சர்க்காரில் பென்சன் வாங்குகின்றவர்கள், தாம் உயிரோடு இருக்கிறோம் என்பதைக் கணினி மூலமாகவே ருசுப்படுத்த 2014இல் வழி ஏற்பட்டது. ஆகவே இந்தக் கருவி தெரியாமல் இனி ஒரு முதியவர் மானமாய் வாழ்வது கஷ்டம் என்கின்ற நிலைமை வந்துவிட்டது.

கருவி கெட்டுப்போனால் அம்மா மகனைக் கூப்பிடுகின்றார். மகன் எப்படி உதவுகின்றார் என்பதே நமது கேள்வி. “அத நீங்க தொடாதீங்க. நான் சொல்றத மட்டும் அழுத்துங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, உங்களுக்குப் புரியாது” என்கின்றார். இல்லாவிட்டால் தூரத்திலிருந்தே திரையை ஆட்டிவைக்கின்ற செயலி ஒன்றைப் போட்டு, தாமே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகின்றார். அம்மாவோ தன் கையிலுள்ள கருவி தானாக ஓடுவதை, கோயில் தேரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றார்.

தோழர்களே! இது எங்கேயோ கேட்ட சங்கதியாக உங்களுக்குப் படவில்லையா? “நான் சொல்வதைத் திருப்பிச் சொல், அர்த்தம் கேட்காதே” என்பவன் யார்? கலியாணத்திற்கும் கருமாதிக்கும் வந்து உட்கார்ந்து இதையே சொல்லித் தட்சணை வாங்கிப் போகிறவன் அல்லவா? அவனை வேண்டாமென்று சொல்லச் சுயமரியாதை இயக்கம் எத்தனை காலம் பாடுபட்டது! இப்போது தட்சணை வாங்காத புரோகிதராக வீட்டுக்கு ஒரு மகன் உட்கார்ந்திருக்கின்றார். பாஷை விஷயத்திலும் அப்படியே. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தாயின் கைபேசி இங்கிலீஷில் இருக்கின்றது. ஏன் என்றால், வழி சொல்ல மகனுக்கு அதுதான் சௌகரியமாம். மந்திரம் யாருடைய சௌகரியத்திற்காகச் சமஸ்கிருதத்தில் இருக்கின்றதோ, அதே நியாயந்தான் இதுவும். (சந்தனம் குங்குமம் வைத்து ஆயுத பூஜை போட்ட கணினிக்கும் வைரஸ் வருகின்றது என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றோம்.)

இதிலுள்ள ஆபத்து, அம்மாவின் மனம் புண்படுவதோடு நிற்பதில்லை. போனில் வருகின்ற குரல் சொன்னதைக் காரணம் கேட்காமல் செய்யவேண்டும் என்று அம்மாவைப் பழக்கிவிட்டது யார்? மகன்தான். நாளைக்கு ஒரு திருடன் பாங்கி அதிகாரியைப் போலவோ போலீஸ்காரனைப் போலவோ பேசினால், அவன் புதிதாக ஒன்றும் பழக்கவேண்டியதில்லை. அவன் சொல்வதும் அதே வாக்கியந்தான்: “நான் சொல்றத மட்டும் அழுத்துங்கம்மா.” மகன் போடச் சொன்ன அதே மாதிரிச் செயலியைத்தான் அவனும் போடச் சொல்லுகின்றான். எனிடெஸ்க் என்ற செயலியைப் போடவைத்து, அதில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக் கணக்கைக் காலி செய்கின்றார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலி குற்றவாளியல்ல; ஏன் என்று கேளாமல் எண்ணைச் சொல்லுகின்ற பழக்கமே குற்றவாளி. நஷ்டமோ பெரும்பாலும் ஏமாந்தவர் தலையில்தான் விழுகின்றது. இரகசிய எண்ணை வாடிக்கையாளர் தாமே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரையில் போன பணம் அவரையே சேர்ந்தது என்றுதான் 2017 ஜூலை மாதத்திய ரிசர்வ் வங்கி உத்தரவு விதித்தது.

“வயதானவர்களுக்கு இதெல்லாம் ஏறாது” என்பது ஒரு சமாதானம். இதை வேறு ஜில்லாக்காரர் சொன்னாலும் பொறுப்போம், புதுக்கோட்டைக்காரர் சொல்லலாமா? 1991இல் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால், கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். வயல் வேலைக்காரிகள், கல் குவாரியில் பாடுபட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிளேறினார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள், பெண்கள் நிற்கவில்லை. குழந்தையை முன் கம்பியில் உட்காரவைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டினவர்களும் உண்டு. அன்று முப்பது வயதிலிருந்தவர்களே இன்று அறுபதைத் தாண்டிய அம்மாக்களும் அப்பத்தாக்களும். வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் ஒரு கட்டத்தில் கையை விட்டார்கள். ஆதலால் இவர்கள் ஓட்டினார்கள். பிடித்தவரே ஏறி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தால் இவர்கள் இன்றைக்கும் நடந்துதான் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதலில் கைபேசியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு “இதை அழுத்து” என்பதற்கு முன், “என்ன தெரிகின்றது, படித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அம்மா தப்பாக அழுத்தட்டும். திரும்பி வரும் வழியைக் கற்றுக்கொடுத்தால் தப்புக்கு அஞ்சவேண்டியதில்லை. போனில் செலவழிக்கின்ற கணக்கில் கொஞ்சப் பணம் மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, “நானே சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள், காரணம் சொல்லாவிட்டால் போனை வைத்துவிடுங்கள்” என்று மகன் வாயாலேயே சொல்லிவைப்பது. இதைச் சொல்லத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. கேள்வி கேட்கப்படாத அதிகாரம் யாருக்குத்தான் கசக்கும்?

நேரமில்லை என்பார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தியது, துபாய் ஒன்றரை மணி பிந்தியது, ஷிப்டு வேலை என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் குலதெய்வத்திற்குக் கிடா வெட்ட லீவு போட்டு விமானமேறி வருகின்றவர்களுக்கு, வாரத்தில் அரைமணி நேரம் கிடைக்காது என்பதை நாம் நம்பத் தயாராயில்லை.

பணம் பறிபோனால் உடனே அழைக்கவேண்டிய எண் 1930. தாமதமின்றிச் சொன்னால் பணம் கை மாறுமுன் நிறுத்த வழியுண்டு. அடுத்த முறை பேசும்போது, அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில், அவர் கையாலேயே அதை எழுதச் சொல்லுங்கள்.