பெயர் போட்டு அனுப்புங்கள்

“இதைக் கேளுங்க, கிராமத்து அம்மா ஒண்ணு என்னமா பாடுது!” எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு பாட்டு வந்து விழும். என் நண்பர்கள் நல்ல ரசிகர்கள். சினிமாவுக்கு வெளியே இருக்கும் தனியிசை, கானா, நாட்டுப்புறப் பாட்டு எல்லாவற்றையும் தேடிப் பிடித்து அனுப்புவார்கள். ஆண் பாடிய பாட்டென்றால் இசையமைத்தவர், பறை அடித்தவர், கிட்டார் வாசித்தவர் வரை பெயர் இருக்கும். பெண் பாடியதென்றால் ‘கிராமத்து அம்மா’, ‘வயக்காட்டுப் பாட்டி’, ‘மண்ணின் குரல்’. என் சண்டை இதனோடுதான்.

அந்தப் ‘பாடுது’வையும் கவனியுங்கள். எங்கள் பக்கம் சொந்த அக்காவைக்கூட ‘வருது, போகுது’ என்போம்; அதில் பிரியமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே பதிவில் இசையமைப்பாளர் மட்டும் ‘போட்டிருக்கார்’.

பாட்டைப் பாடியவரின் பெயரால் சொல்லும் பழக்கம் நம்மிடம் குறைவு. ராஜா பாட்டு, ரகுமான் பாட்டு, ரஜினி பாட்டு. 2003இல் வந்த ‘தூள்’ படத்தில் பரவை முனியம்மா திரையில் வந்து, தன் குரலில் பாடியதை விக்ரம் பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடியவர். 1985இல் வந்த ‘ஆண் பாவம்’ படத்தில் பாடி நடித்தவர். 2025இல் அவர் இறந்தபோது எனக்கு வந்த அஞ்சலிகளில் பாதி, ‘ஆண் பாவம் பாட்டி காலமானார்’. ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பாடகி, ஒரு படத்தின் பாட்டியாகப் போய்ச் சேர்ந்தார்.

தனியிசை வந்தால் இது மாறும் என்று நம்பியவள் நான். கதாநாயகன் இல்லை, தயாரிப்பாளர் இல்லை, பாடுகிறவர்தானே அங்கே எல்லாம்? 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. அறிவு எழுதி, தீயும் அவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கைதான் அதன் வேர் என்று அறிவு சொல்லியிருக்கிறார். பாட்டுக்குள்ளேயே அந்தப் பெயர் வருகிறது. கல்யாண மண்டபங்களில் அதற்கு ஆடியவர்களில் எத்தனை பேர் காதில் அது விழுந்தது?

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு மின்னிதழ் அட்டை வந்தது. ‘ஒரு பெண் அட்டைப்படத்தில் வந்தால் ஏன் எரிகிறது’ என்று அப்போது என்னிடம் கேட்ட தோழிகள் உண்டு. எரியத்தான் வேண்டும். தலித் கலைஞனின் பெயரை எடுத்துவிட்டு வைக்கப்படும் பெண்முகத்தைப் பெண்ணியத்தின் வெற்றி என்று நான் எண்ண மாட்டேன். அந்தப் பாட்டுக்கு வேரான பெண் வள்ளியம்மாள். பேரன் விடுபட்ட இடத்தில் அவரும் விடுபடுகிறார். மறுவருடம் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயோடு பாடியவர் ஒப்பாரிக் கலைஞர் கிடாக்குழி மாரியம்மாள். அறிவு ஏன் மேடையில் இல்லை என்ற நியாயமான விவாதம் நாள்கணக்கில் நடந்தது. நான் வாசித்த பதிவுகளில் மாரியம்மாள், வந்த இடங்களிலும், அரை வரியில் வந்து போனார்.

கானாவிலிருந்து இசைவாணியைச் சொல்லலாம். வடசென்னையில் ஆண்களின் பாட்டாகவே இருந்த ஒன்றைக் கையிலெடுத்தவர். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பெண்குரல், பிபிசியின் 2020ஆம் ஆண்டு 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவர் பெயரை நண்பர்கள் சொல்கிறார்கள், ஆமாம். சொன்ன கையோடு, ‘பொண்ணா இருந்தும் கலக்குது’.

“நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, அது மக்களுடையது. பேரு எதுக்கு?” என்று ஒரு நண்பர் மடக்கினார். கேட்க அழகாக இருக்கிறது. மெட்டு பொதுவாக இருக்கலாம். ஒப்பாரி வைக்கிறவள் பொதுவான எதையும் ஒப்பிப்பதில்லை. செத்தவரின் பெயர், அவர் செய்த தொழில், விட்டுப்போன பிள்ளைகள், சீர் கொண்டு வராத அண்ணன் தம்பி, தன் வீட்டுத் துக்கம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கோத்து அடி கட்டுகிறாள். அது இயற்றல். ஆண் செய்தால் ஆசுகவி என்போம். பறை ஒலிக்கும் சாவு வீட்டில், சாதியால் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண், கூலிக்கு அதைச் செய்தால் மட்டும் ‘மக்கள்’ செய்ததாகிவிடுகிறது. அந்த மக்களுக்குச் சினிமாக் கம்பெனி காசோலை எழுதிய கதையை நான் கேட்டதில்லை.

சட்டம்கூட நம் நண்பரைவிட நியாயமாகப் பேசுகிறது. மெட்டு யாருடையதாக இருந்தாலும், பாடியதில் பாடியவருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 38பி பிரிவின்படி, பாடியவர் இவர் என்று தன்னை அடையாளம் காட்டச் சொல்லி அவர் கேட்கலாம். மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பின்னும் அந்த உரிமை அவரிடமே இருக்கும். கேட்பதற்கு அவர் நீதிமன்றம் போக வேண்டும் என்பது வேறு கதை. நீங்கள் பாட்டை அனுப்பும்போது ஒரு வரி தட்டச்சு செய்தால் போதும்.

எங்கள் தோழியர் குழுவில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. பெயர், ஊர் இல்லாமல் பாட்டு வந்தால், “யாரு பாடினாங்க?” என்று யாராவது உடனே கேட்போம். சிலருக்கு எரிச்சல், ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். போகட்டும்.

போன மாதம் ஒரு தோழி சாவு வீட்டில் பதிவு செய்த ஒப்பாரி ஒன்றை அனுப்பினாள். உடம்பு நடுங்கும் குரல். வழக்கம்போல் பெயர் கேட்டோம். அவள் திரும்பப் போய் அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். “பேரு போட்டா கூலி ஏறுமா?” என்றாராம். பறை செட்டுக்காரரின் விசிட்டிங் கார்டில் அவர் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. பாடுகிற அம்மாவை அவர் மூலமாகத்தான் கூப்பிட வேண்டும், கூலியையும் அவரே பேசுகிறார். அந்த அம்மாவின் அனுமதியோடு, அவருடைய பெயரையும் ஊரையும் அவருடைய சொந்த நம்பரையும் போட்டுத்தான் அந்தப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.